தள்ளிக்கொண்டு நடக்கும் புல்வெட்டி: சிக்கனமான பணத்தில் எதை வாங்கலாம்?

என் முதல் புல்வெட்டி பெட்ரோலில் ஓடுவது. 53 செ.மீ. அகலம், தானாக உருளும் பின்சக்கரம், பின்னால் வெட்டிய புல் விழும் பெரிய பை. கடையில் வரிசையாக நின்றவற்றில் அதுதான் கம்பீரமாகத் தெரிந்தது. ஒரு பருவம் நன்றாக ஓடியது. அப்புறம் நாலு மாதம் மூலையில் கிடந்தது. மறுபடி வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆகும்வரை இழுத்தேன். அசையவில்லை. டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் கெட்டுப்போய், கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்திருந்தது. மிஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் அதை வாங்கிய ஆள் மேல். என் புல்தரை 150 சதுர மீட்டர்கூட இல்லை. எனக்கோ ஒரு ஸ்பேனரைக் கையில் எடுக்கவே அலுப்பு.

அதனால் இப்போது யாராவது என்ன புல்வெட்டி வாங்கலாம் என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: புல் வெட்டாத நாட்களில் அதற்காக எவ்வளவு மெனக்கெடுவீர்கள்? இந்த மிஷின்கள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பணம் தாராளமாக இருப்பவர் ரிப்பேருக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அளந்து செலவு செய்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இன்ஜின் சக்தி, பிராண்ட் பெயர் எல்லாம் பிறகு. முதலில் தரை, அடுத்து உங்கள் குணம்.

முதலில் டேப்பை எடுங்கள்

மனையின் மொத்த அளவு நமக்கு வேண்டாம். புல் இருக்கிற இடத்தை மட்டும் அளக்க வேண்டும். நடைபாதை, பூச்செடிப் பாத்தி, மரத்தடி எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், நாம் மனதில் வைத்திருந்த அளவில் பாதிதான் தேறும். பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் பெரிய மிஷினை வாங்குவது இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புல்தரை 200 சதுர மீட்டர். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே புல் தப்பாமல் இருக்க, வெட்டிய வரிசையின் மேல் 5 செ.மீ. ஏறும்படி ஓட்டுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 செ.மீ. அகலமுள்ள சின்ன மிஷின் என்றால் சுமார் 740 மீட்டர் நடக்க வேண்டும். 40 செ.மீ. என்றால் 570 மீட்டர். 53 செ.மீ. என்றால் 417 மீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக நடந்தால் இது முறையே 15 நிமிடம், பதினொன்றரை நிமிடம், எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக, மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் வித்தியாசம் ஏழு நிமிடம்தான். அந்த ஏழு நிமிடத்துக்காக இரண்டு மடங்கு எடையை, வளைவுகளில் திருப்பக் கஷ்டமான ஒன்றை, கூடுதல் பணம் கொடுத்து வாங்க வேண்டுமா?

இதே கணக்கை 1000 சதுர மீட்டருக்குப் போட்டால் கதை மாறிவிடுகிறது. அங்கே 74 நிமிடத்துக்கும் 42 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம். வாராவாரம் அரை மணி நேரம் மிச்சம் என்றால் அகலத்துக்குக் காசு கொடுப்பது நியாயம். என் கணக்கில் 300 சதுர மீட்டர் வரை 35 முதல் 40 செ.மீ. போதும். 500-க்கு மேல் போனால்தான் 46, 53 என்று யோசிக்க வேண்டும். இடையில் இருப்பவர்கள், கேட்டின் அகலத்தையும் இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அளந்துவிட்டு முடிவு செய்யலாம். மரத்துக்கும் மதிலுக்கும் நடுவே மிஷின் நுழையாவிட்டால் அந்த இடத்தைக் கையால்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, தரை எப்படி? மேடு பள்ளம் இருக்கிறதா, சரிவா, கல்லும் குச்சியும் விழுந்து கிடக்குமா? மூன்றாவது, என்ன புல்? அருகம்புல் மாதிரி தரையோடு படர்கிற புல்லை 2 முதல் 5 செ.மீ. உயரத்தில் வைத்தால்தான் அழகு. குளிர்ப் பிரதேசத்துப் புற்களும், அகல இலை கொண்ட சில புற்களும் 6, 7 செ.மீ. உயரமாவது இருந்தால்தான் வேர் ஆழமாகப் போகும், களைக்கு இடம் கொடுக்காது. வாங்கப்போகும் மிஷின் அந்த உயரத்தில் வெட்டுமா என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை.

கையால் தள்ளும் உருளைக் கத்தி

மோட்டாரும் இல்லை, இன்ஜினும் இல்லை. சக்கரம் உருண்டால் ஐந்தாறு வளைந்த கத்திகள் கொண்ட உருளை சுழலும்; கீழே அசையாமல் இருக்கும் ஒரு பட்டைக் கத்தியோடு அது உரசும் இடத்தில் புல் வெட்டுப்படும். கத்தரிக்கோல் வேலைதான். உலகின் முதல் புல்வெட்டியே இந்த வகைதான். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீராகக் கத்தரிக்க ஆலைகளில் ஒரு உருளைக் கத்தி இருந்தது. அதையே தரையில் ஓட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கிட்டத்தட்ட இரு நூற்றாண்டு கழித்தும் அடிப்படை மாறவில்லை.

விலையில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பராமரிப்பும் கொஞ்சம்தான்: அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய், வருடத்துக்கு ஒரு முறை கத்தியில் சாணைப் பசையைத் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிக் கூர் ஏற்றுவது. உருளைக்கும் பட்டைக்கும் நடுவே செய்தித்தாள் துண்டைக் கொடுத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். கத்தரித்ததுபோல் வெட்டினால் சரி, மடித்துக் கசக்கினால் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். சத்தம் இல்லை என்பதால் விடியற்காலையில்கூட வெட்டலாம்.

இதைச் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். உருளைக் கத்தி சோம்பேறிகளை மன்னிக்காது. புல் ஒரு கட்டத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் கத்திக்குள் வராமல் முன்னால் சாய்ந்து படுத்துக்கொள்ளும். விலை குறைந்த மாடல்கள் 6 செ.மீ.க்கு மேல் உயர்த்த முடியாதபடிதான் பெரும்பாலும் இருக்கின்றன. பென்சில் தடிமனில் ஒரு குச்சி சிக்கினாலும் உருளை சட்டென்று நின்று, கைப்பிடி வயிற்றில் வந்து இடிக்கும். 150 சதுர மீட்டருக்கு உள்ளே, சமதரையில், படர்கிற மெல்லிய புல், வாரம் தவறாமல் வெட்டுகிற ஆள்: இந்த நான்கும் சேர்ந்தால் இதைவிட நல்ல தேர்வு கிடையாது. நான்கில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

வயர் போட்ட மின்சாரப் புல்வெட்டி

இதற்கு ஏனோ மரியாதை இல்லை. வயரை இழுத்துக்கொண்டு திரிவதா என்று முகம் சுளிக்கிறார்கள். சிக்கனமாக வாங்குகிறவருக்கு என் முதல் பரிந்துரை பெரும்பாலும் இதுதான்.

காரணம் எளிது. உள்ளே ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச், ஒரு கத்தி. கெடுவதற்கு வேறு என்ன இருக்கிறது? ஆறு மாதம் மூலையில் போட்டாலும் பிளக்கைச் செருகினால் ஓடும். 1200 முதல் 1800 வாட் வரை மோட்டார் வருகிறது. அந்தச் சக்தி கடைசி நிமிடம் வரை குறையாது. சார்ஜ் தீர்ந்தது, பெட்ரோல் தீர்ந்தது என்ற பேச்சே இல்லை. எடையும் குறைவு, மாடிப்படிக்குக் கீழே செங்குத்தாக நிறுத்தி வைக்கலாம்.

வயரைச் சமாளிக்க ஒரே ஒரு பழக்கம் போதும். மின் இணைப்பு இருக்கும் சுவரை ஒட்டி ஆரம்பித்து, ஒவ்வொரு வரிசையாக அதைவிட்டு விலகிப் போங்கள். அப்போது வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்திலேயே கிடக்கும். திரும்பும்போதெல்லாம் வயர் இல்லாத பக்கமாகத் திரும்புங்கள். இந்தப் பழக்கம் வருவதற்கு முன் நான் ஒரு முறை வயரை இரண்டு துண்டாக்கியிருக்கிறேன். ஒரு டப் சத்தம், வீட்டில் டிரிப்பர் விழுந்தது, அவ்வளவுதான். அவ்வளவோடு போனதற்குக் காரணம் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்ததுதான். அது இல்லாத வீட்டில், வெளியே வயர் போட்டுப் புல் வெட்டும் எண்ணமே வேண்டாம். முதலில் அதைப் பொருத்துங்கள். அந்தச் செலவையும் மிஷின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஈரப்புல்லில் ஓட்டவே கூடாது.

எக்ஸ்டென்ஷன் வயரில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள் கடைசியில் மோட்டாரை இழக்கிறார்கள். மெல்லிய வயர் நீளமாகப் போனால் மறுமுனையில் வோல்டேஜ் குறைந்துவிடும். மோட்டார் திணறி, சூடாகி, வைண்டிங் கருகும். 30 மீட்டர் போட வேண்டுமானால், மிஷின் கையேட்டில் அந்த நீளத்துக்குச் சொல்லியிருக்கும் தடிமனில், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான வயராக, கண்ணில் பளிச்சென்று படும் நிறத்தில் வாங்குங்கள். பச்சை வயரை விற்பவனுக்கு என்ன மனசோ தெரியவில்லை.

எங்கே இது வேலைக்கு ஆகாது? பிளக்கிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகிற தரை, நடுவே மரமும் பாத்தியுமாக இருக்கும் தோட்டம், அடிக்கடி மின்வெட்டு வரும் இடம். வயர் ஒவ்வொரு மரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வரும். பத்தாவது நிமிடத்தில் உங்களுக்கு எல்லாவற்றின் மேலும் கோபம் வரும்.

சக்கரமே இல்லாமல், காற்றைக் கீழே தள்ளி அந்தக் காற்றின் மேல் மிதந்து போகும் ஒரு வகையும் உண்டு. 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் டால்மன், காற்றின் மேல் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்ட் ஊர்தியைப் பார்த்து யோசித்துச் செய்தது. வரப்பு மாதிரி செங்குத்தான சின்னச் சரிவுகளில் இடமும் வலமும் வீசி வெட்ட வசதி. மற்றபடி சமதரையில் நேர்கோடாக ஓட்ட விரும்புகிறவருக்குத் தேவையில்லை.

பேட்டரி: வோல்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஓட்டுவதற்கு இதைவிட இதமானது இல்லை. பட்டனை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும், புகை இல்லை, அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார். பணம் ஒரு பொருட்டே இல்லையென்றால் 500 சதுர மீட்டர் வரை எல்லோருக்கும் இதையே சொல்லிவிடுவேன். ஆனால் பேசுவது சிக்கனத்தைப் பற்றி ஆயிற்றே.

பெட்டியில் பெரிய எழுத்தில் 40 வோல்ட், 56 வோல்ட், 80 வோல்ட் என்று போட்டிருக்கும். நமக்கு வேண்டியது வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கி வரும் வாட்-அவர். அதுதான் பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு. இதில் ஒரு சின்னத் தந்திரமும் உண்டு: 40 வோல்ட் என்பது முழுச் சார்ஜில் ஒரு கணம் எட்டும் உச்சம், ஓடும்போது சராசரி 36 வோல்ட். அதேபோல் 20 என்று எழுதியிருப்பது உண்மையில் 18. ஆக 40 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 36-ஐ 4-ஆல் பெருக்கி 144 வாட்-அவர். சாதாரணப் புல்லில் மிஷின் 500 வாட் இழுக்கிறது என்று வைத்தால் 17 நிமிடம். புல் அடர்த்தியாகவோ ஈரமாகவோ இருந்தால் அதற்கும் குறைவு. 56 வோல்ட், 2.5 ஆம்பியர்-அவர் பேட்டரியில், அந்த வோல்ட்டை உச்சமாக எடுத்துக்கொண்டால், சரக்கு 126 வாட்-அவர்தான். எண் பெரியது, ஓடும் நேரம் குறைவு.

விலை குறைந்த பேட்டரி மாடல்கள் குறைந்த விலைக்கு எப்படி வருகின்றன என்றால், கூடவே கொடுக்கும் பேட்டரியைச் சிறியதாக்கித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து பாதித் தரை வெட்டியதும் நிற்கும். இரண்டாவது பேட்டரி வாங்கப் போனால், அதன் விலை மிஷின் விலையில் பெரும் பகுதியாக இருக்கும். பேட்டரிக்கு வயதும் உண்டு. லித்தியம் பேட்டரி வெயிலிலும் பூட்டிய கொட்டகைச் சூட்டிலும் வேகமாகக் கிழடாகும். முழுச் சார்ஜிலோ சுத்தமாகத் தீர்ந்தோ மாதக்கணக்கில் வைக்காமல், பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் குளுமையான இடத்தில் வைத்தால் பல வருடம் உழைக்கும். உறைநிலைக் குளிரில் சார்ஜ் போடக் கூடாது. அதே வோல்ட், அதே வடிவப் பேட்டரியை அந்தக் கம்பெனி ஐந்தாறு வருடம் கழித்தும் விற்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு விற்பனையாளரிடமும் பதில் இருக்காது. பல கருவிகளுக்கு ஒரே பேட்டரி பொருந்துகிற வரிசையாகப் பார்த்து வாங்கினால் அந்த ஆபத்து கொஞ்சம் குறையும்.

ஏற்கனவே வீட்டில் அதே கம்பெனியின் டிரில்லோ, செடி கத்தரிக்கும் கருவியோ, பேட்டரியோடு இருக்கிறதா? அப்படியானால் பேட்டரி இல்லாமல் மிஷினை மட்டும் தனியாக வாங்கலாம். இரண்டு 18 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்துப் போட்டு ஓடும் மாடல்கள் உண்டு. சிக்கனமான பணத்தில் பேட்டரிப் பக்கம் போவதற்கு எனக்குத் தெரிந்து நியாயமான வழி இது ஒன்றுதான். வாங்கும்போது மோட்டார் பிரஷ் இல்லாத வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். தேய்ந்து மாற்ற கார்பன் துண்டும் இருக்காது.

பெட்ரோல்: பராமரிப்பவருக்கு மட்டும்

நீளமான புல், 500 சதுர மீட்டருக்கு மேல், மின்சாரம் எட்டாத இடம் என்றால் இன்றைக்கும் பெட்ரோல்தான். இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். 140 முதல் 190 சி.சி.க்குள் இருக்கும். பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை, ஆயில் தனியாக அரை லிட்டர் அளவில் இன்ஜினுக்குள் இருக்கும்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். படிக்கும்போதே அலுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் ஆயில் மட்டம் பார்க்க வேண்டும். புதிது என்றால் முதல் ஐந்து மணி நேரத்திலேயே ஆயிலை மாற்றி, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். காற்று ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரையும் வறட்டிவிட வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இந்தச் சின்ன இன்ஜின்களில் பல 10 சதவீதத்துக்கு மேல் எத்தனாலைத் தாங்காது. என் முதல் மிஷினுக்கு நேர்ந்த கதி இந்த ஒரு வரி தெரியாததால்தான்.

இதையெல்லாம் ஒருவர் விருப்பத்தோடு செய்வார் என்றால், அவருக்கு நான் புதியதைக்கூடச் சொல்ல மாட்டேன். பழையது வாங்கச் சொல்வேன். நல்ல இன்ஜின் போட்ட, தானாக ஓடாத, சாதாரணத் தள்ளு மிஷின் பழையதாகக் கிடைத்தால், அதே காசில் வரும் புது மலிவு மிஷினைவிட அதிக வருடம் உழைக்கும்.

ஆனால் பழையதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். போனவுடன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன்பே படாத பாடுபட்டு ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் கெட்டியாகத் தடுத்து, பிறகு விட வேண்டும். வழுவழுவென்று வந்தால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் திறன், அதாவது கம்ப்ரஷன், போயிருக்கலாம். ஓடும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கருப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது ஃபில்டர், கார்புரேட்டர் வேலையோடு போய்விடும், விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடுத்தது நடுக்கம். கத்தி எப்போதாவது கல்லிலோ அடிக்கட்டையிலோ மோதியிருந்தால் அதைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, காற்று ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்த்து, கத்தியைக் கையுறை போட்ட கையால் மெல்லச் சுற்றுங்கள். நடு போல்ட் ஒரே இடத்தில் நின்று சுற்ற வேண்டும். அது சின்ன வட்டம் போட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அதே மோதலில், இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் சின்னச் சாவித்துண்டு அறுந்து, பொறி விழும் நேரம் தப்பி, மிஷின் ஸ்டார்ட் ஆகாமல் போவதும் உண்டு. ஓடாத மிஷின் என்று அடிமாட்டு விலைக்கு வருவதில் இப்படிச் சில இருக்கும். அந்தத் துண்டு விலை ஒன்றுமேயில்லை. கைவேலை தெரிந்தவருக்கு அது அதிர்ஷ்டம், தெரியாதவருக்குச் சூதாட்டம்.

கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பியையும் பாருங்கள். அதை விட்டவுடன் கத்தி நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982-லிருந்து, 3 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பழைய மிஷின்களில் அந்தக் கம்பியைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள், வசதியாம். 46 செ.மீ. கத்தி நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் அதன் நுனி மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் பட்ட கூழாங்கல் எந்த வேகத்தில் வெளியே வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கட்டிய கயிற்றைப் பார்த்தால் அந்த வீட்டில் வேறு எதையெல்லாம் கட்டி ஓட்டியிருப்பார்களோ என்று சந்தேகம் வரவேண்டும்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது

பணம் பற்றவில்லை என்றால் முதலில் கழற்றிவிட வேண்டியது, தானாக ஓடும் சக்கரம். சமதரையில் 500 சதுர மீட்டருக்குள் அது சொகுசு மட்டுமே. எடையைக் கூட்டும், பெல்ட், கேபிள், கியர் என்று கெடுவதற்கு மூன்று புதிய இடங்களைத் தரும். சரிவு இருந்தாலோ, முதுகு ஒத்துழைக்காவிட்டாலோ மட்டும் வாங்குங்கள். அப்போது பின்சக்கரம் ஓட்டுவதாக இருக்கட்டும். முன்சக்கரம் ஓட்டும் வகையில் பை நிரம்பினாலே முன்பக்கம் லேசாகிப் பிடி விட்டுவிடும். சரிவில் குறுக்காகத்தான் நடக்க வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. வழுக்கினால் மிஷின் உங்கள் மேல் வரும், அல்லது நீங்கள் அதன் மேல் போவீர்கள். 15 டிகிரிக்கு மேலான சரிவு என்றால் புல்வெட்டியையே மறந்துவிடலாம்.

பட்டன் ஸ்டார்ட் வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி லீவர் இருந்தாலும் பரவாயில்லை, உயரத்தை மாதா மாதமா மாற்றப்போகிறோம்? பக்கவாட்டில் தள்ளுவது, பையில் பிடிப்பது, பொடியாக்கித் தரையிலேயே விடுவது என்று மூன்றும் செய்யும் என்பதற்காகவும் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால், விழும் துணுக்கு சிறியதாக இருக்கும். அப்படியே விட்டால் மக்கி உரமாகும். பையைத் தூக்கிக் கொட்டும் வேலையும் மிச்சம். களை விதை நிறைந்திருக்கும் காலத்திலும், உதிர்ந்த இலையை வாருவதற்கும் பை உதவும், மறுக்கவில்லை.

விட்டுக்கொடுக்கக் கூடாதது, கத்தியை மூடியிருக்கும் டெக்கும், மாற்றுக் கத்தி கிடைப்பதும். தகர டெக் உறுதியானது. ஆனால் அடியில் ஒட்டும் ஈரப்புல்லைச் சுரண்டாமல் விட்டால் துருப்பிடித்து ஓட்டை விழும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, கல் பட்டால் விரிசல் விடும். அலுமினியம் இரண்டையும் தாங்கும், விலைதான் நமக்கு எட்டாது. என்னைப்போல் சுரண்ட மறக்கும் ஆளுக்குப் பிளாஸ்டிக்கே நல்லது. கத்தியைப் பற்றி ஒன்று: மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது, பிய்க்கும், மறுநாள் நுனியெல்லாம் பழுப்பாகித் தரையே காய்ந்ததுபோல் தெரியும். 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கழற்றி அரத்தால் ராவவோ, சாணை பிடிக்கவோ வேண்டும். ராவிய பிறகு சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையை மாட்டித் தொங்கவிட்டு, இரு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும்.

உருளைக் கத்தியைத் தவிர மற்ற எல்லாம் சுழல்கத்தி போட்டவை; அவற்றில் எந்த வகை வாங்கினாலும், மிஷினோடு ஒரு உபரிக் கத்தியையும் அன்றே வாங்கிவிடுங்கள். நடுத்துளை ஒன்றில் வட்டம், ஒன்றில் நட்சத்திரம், இன்னொன்றில் வில்போல் வளைந்த காடி என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வடிவம். இரண்டு வருடம் கழித்துத் தேடி அலையும்போதுதான் அது தெரியவரும். கத்தி அங்கேயே கிடைக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னால், அந்த மாடலை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பெட்ரோல் என்று முடிவு செய்து புதியதாகவே வாங்கினால் இன்னொன்று. பெட்டியில் வரும் இன்ஜின்களில் பெரும்பாலும் ஆயில் ஊற்றியிருக்காது. பெட்ரோலை ஊற்றி ஆசையாகக் கயிற்றை இழுத்துப் பத்து நிமிடத்தில் இன்ஜினை இறுக்கிப் பிடிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். வாரண்டியும் அதற்குக் கிடையாது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் ஆயில் மூடியைத் திறந்து, ஆயில் மட்டம் காட்டும் குச்சியைப் பாருங்கள், பெட்ரோல் கேனை அப்புறம் எடுக்கலாம்.